40 வாட்டில் தொடங்கிய குரல்: சென்னைக்கு வானொலி கொண்டுவந்த கிருஷ்ணசாமி செட்டி யார்?

சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில், இன்னிக்கு விலை நிலவரம் செல்போனிலேயே வந்துவிடுகிறது. செல்போனுக்கு முந்தைய காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வானிலை, விவசாயச் செய்தி எல்லாம் சொன்னது திருச்சி வானொலி. அந்தக் குரல் எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போனால், ஒரு பெயரில் போய் நிற்போம்: சி.வி.கிருஷ்ணசாமி செட்டி.

என்ன செய்தார்?

1923-லேயே பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்கள் வந்துவிட்டன. சென்னையில் மட்டும் இல்லை. இங்கிலாந்து போய்த் திரும்பிய கிருஷ்ணசாமி செட்டி, சும்மா வரவில்லை. சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றுக்கான பாகங்களையும் கொண்டுவந்தார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1924 மே 16-ல் 'சென்னை மாகாண ரேடியோ கிளப்'பை உருவாக்கினார். ஜூலை 31-ல் ஒலிபரப்பு தொடங்கியது.

அதன் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 40 வாட். பழைய டியூப்லைட் ஒன்று எரிய ஆகும் அளவுதான்! பிறகு 200 வாட் டிரான்ஸ்மிட்டர் வந்தது. மாலை நேரங்களில் இசையும் உரைகளும் ஒலித்தன.

ஏன் மூடப்பட்டது?

காசு இல்லை. அவ்வளவுதான். அரசு நடத்தியது அல்ல, ஆர்வலர்கள் நடத்திய கிளப் அது. செலவைத் தாங்க முடியாமல் 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. மூன்று வருட உழைப்பு அதோடு முடிந்திருக்கும். ஆனால், கிளப் தன் டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டது. அந்த முடிவுதான் கதையை மாற்றியது.

அப்புறம்?

1930 ஏப்ரல் 1-ல் மாநகராட்சியே வானொலி சேவையைத் தொடங்கியது. ரேடியோ பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களும் கேட்க, மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. வசதியானவர்களின் பொழுதுபோக்காக இருந்தது, பொதுச் சேவையானது அப்போதுதான். 1938 ஜூன் 16-ல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்ததும் மாநகராட்சி விலகிக்கொண்டது.

அடுத்தது திருச்சி. அங்கே நிலையம் தொடங்கிய நாள் 1939 மே 16. கிளப் பிறந்து சரியாக 15 ஆண்டுகள்!

கிராமத்துக்கு என்ன கிடைத்தது?

1960-களில் ஏடிடி 27 என்ற புது நெல் ரகத்தைத் திருச்சி வானொலி டெல்டா விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. ரகத்தின் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. 'ரேடியோ நெல்' என்றே கேட்டு வாங்கினார்கள். 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி வந்தது. பாம்பன் மீனவர்களுக்கு இப்போது 'கடல் ஓசை' இருக்கிறது.

சென்னையைத் தாண்டிக் கேட்கவே சிரமப்பட்ட ஒரு கிளப்பை நடத்தியவர் கிருஷ்ணசாமி செட்டி. கிளப் நஷ்டத்தில் மூடியது உண்மைதான். ஆனால், அவர் போட்டுவைத்த விதை காவிரிக் கரை தாண்டி, வெங்காய வயல் வரைக்கும் வந்து சேர்ந்தது.