வாசகரைப் படைத்த கதைக்காரர்: தேவகிநந்தன் கத்ரி

ஒரு மொழியில் நூல்கள் தோன்றுவதற்கு எழுதுவோர் வேண்டும். அவை நிலைபெறுவதற்குப் படிப்போர் வேண்டும். இந்தி உரைநடையின் வரலாற்றில் இந்த இரண்டாவது தேவையைப் பெருமளவில் நிறைவு செய்தவர் தேவகிநந்தன் கத்ரி. பகைகொண்டு நின்ற மலைநாட்டு அரசுகளையும் அவற்றின் ஒற்றர்களையும் மாயக் கோட்டைகளையும் வைத்து அவர் எழுதிய 'சந்திரகாந்தா' 1888ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. அதனைப் படிப்பதற்கென்றே நாகரி எழுத்தைக் கற்றவர்கள் பலர் என்பது இந்தி இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. ஆயினும் அதே வரலாற்றாசிரியர்கள் அவருடைய நூல்களை இலக்கியம் என்று ஏற்கத் தயங்கினர். இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவில் நிற்பது அவருடைய புகழ்.

கத்ரி 1861ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பீகாரில் உள்ள பூசாவில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் லாலா ஈசுவரதாஸ். பஞ்சாபிலிருந்து வந்து காசியில் குடியேறிய வணிகக் குடும்பம் அது. அக்கால வட இந்தியாவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு உருதும் பாரசீகமுமே முதற்கல்வி. கத்ரிக்கும் அவ்வாறே அமைந்தது. இந்தியையும் சமஸ்கிருதத்தையும் அவர் பின்னர்தான் பயின்றார். பிற்காலத்தில் இந்திக்குப் பெருந்திரளான வாசகரைச் சேர்த்துத் தந்தவர், தாமே உருதுவின் வாயிலாகக் கல்விக்குள் நுழைந்தவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவருடைய நடையின் இயல்புக்கும் அந்த நடை பெற்ற வெற்றிக்கும் இதுவே அடிப்படை.

இளமையில் அவர் கயா மாவட்டத்துத் திக்காரியில் வணிகம் நடத்தினார். அங்கிருந்த சமஸ்தானத்தோடு தொடர்பும் கொண்டிருந்தார். அந்தச் சமஸ்தானத்தின் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்குப் போனபின் அவர் காசிக்குத் திரும்பினார். காசி மன்னர் ஈசுவரி நாராயண சிங்கின் உடன்பிறந்தாள் திக்காரி அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்த உறவின் வழியே மன்னரின் ஆதரவு கத்ரிக்குக் கிட்டியது. சகியா, நௌகட் பகுதிகளின் காடுகள் அவருக்குக் குத்தகைக்குக் கிடைத்தன.

அவருடைய வாழ்வின் திருப்புமுனை இந்தக் காட்டுக் குத்தகையே. காசிக்குத் தெற்கே விந்திய மலைத்தொடரின் சரிவுகளில் பரந்து கிடக்கும் காடுகள் அவை. அருவிகள், குகைகள், ஆள் நடமாட்டமற்ற பள்ளத்தாக்குகள், இடிந்த கோட்டைகள், தூர்ந்துபோன கிணறுகள் ஆகியவற்றிடையே அவர் தொழில் நிமித்தம் நெடுநாள் சுற்றித் திரிந்தார். கங்கைக் கரையில் பாறை மீது எழுந்து நிற்கும் சுனார் கோட்டையும், தென்திசை மலைகளில் சிதைந்து கிடக்கும் விஜயகட் கோட்டையும் அந்நிலப்பரப்பைச் சேர்ந்தவை. குத்தகை முடிந்து வருவாய் நின்றபோது அவர் கையில் எஞ்சியது அந்தக் காட்சிகளே. அவற்றையே முதலாக வைத்து அவர் எழுத்துத் தொழிலில் இறங்கினார். நௌகட், விஜயகட், சுனார் என்னும் மூன்று இடப்பெயர்களும் அப்படியே அவருடைய கதையின் மூன்று அரசுகளாயின.

சந்திரகாந்தாவின் கதை சிக்கலற்ற முடிச்சிலிருந்து தொடங்குகிறது. நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் காதல் கொள்கின்றனர். விஜயகட் அமைச்சரின் மகன் குரூர் சிங் அவளையும் அரசையும் ஒருங்கே அடைய விரும்புகிறான். தன் சூழ்ச்சி பலிக்காதபோது அவன் சுனார் அரசன் சிவதத்தனிடம் சென்று பகையை மூட்டுகிறான். அதன்பின் படைகள் மோதுகின்றன. இளவரசி மாயக் கோட்டையொன்றில் சிக்குகிறாள். வீரேந்திரன் அதன் மர்மங்களை ஒவ்வொன்றாக உடைத்து அவளை மீட்கிறான்.

இக்கதையின் உயிர்நிலை அரசர்களிடத்தில் இல்லை, அய்யார்களிடத்தில் உள்ளது. அய்யார் என்பது அரபு, பாரசீக வழக்கிலிருந்து வந்த சொல். ஒற்றறிதல், மாறுவேடம், மருந்து, இசை, ஓட்டம், வாட்போர் என எல்லாக் கலைகளிலும் தேர்ந்த அரசவைப் பணியாளர் அவர். தோளில் ஒரு பை. அதில் மயக்கப் பொடியும், மயங்கியவரைத் தெளிவிக்கும் நறுமண மருந்தும், வேடத்திற்கான பொருள்களும் இருக்கும். மதிலேறுவதற்கு நூலேணியும் இடையில் ஒரு குத்துவாளும் அவரிடம் உண்டு. பிடிபட்ட அய்யாரைச் சிறையில் வைப்பார்களேயன்றிக் கொல்லமாட்டார்கள். வீரேந்திரனின் தோழன் தேஜ் சிங்கும், இளவரசியின் தோழி சபலாவும் இக்கலையில் வல்லவர்கள். அய்யார்களின் மதிநுட்பத்தால் பெரும் படைமோதல்களும் உயிர்ச்சேதமும் தவிர்க்கப்பட்டன என்பது நூலின் முன்னுரையில் கத்ரி வற்புறுத்தும் கருத்து.

மற்றொன்று திலிஸ்ம் எனப்படும் மாயக் கட்டடம். பண்டைய அரசர்கள் தம் வழித்தோன்றல்களுள் ஒருவனுக்காகப் புதையலைப் பாதுகாக்க இதனை அமைத்ததாகக் கதை கூறும். பேசும் சிலைகள், தாமே மூடும் கதவுகள், கால் வைத்தவரைக் கீழே இழுக்கும் தளங்கள் அங்கே இருக்கும். அதைத் திறக்கும் முறை ஒரு நூலில் மறைத்து எழுதப்பட்டிருக்கும்.

இவ்விரு கூறுகளும் கத்ரியின் கண்டுபிடிப்புகள் அல்ல. அமீர் ஹம்சாவின் வீரக்கதைகளை இரவெல்லாம் சொல்லும் கலைஞர்கள் உருது உலகில் இருந்தனர். அக்கதைமரபில் தோன்றிய 'திலிஸ்மே ஹோஷ்ருபா' என்னும் பெருநூலை இலக்னோவின் நவல்கிஷோர் அச்சகம் 1883ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டு வந்தது. அம்மரபிலிருந்து அய்யாரையும் திலிஸ்மையும் எடுத்துக்கொண்ட கத்ரி ஒரு மாற்றம் செய்தார். அங்கே மந்திரவாதிகளின் ஆற்றலால் நிகழ்வது, இங்கே பெரும்பாலும் பொறிகளாலும் மருந்துகளாலும் நிகழ்கிறது. பின்னர் எழுதிய தொடர்ச்சியில் ஒரு மாயக் குத்துவாள் வருகிறது. அது மின்னல்போல் ஒளி வீசும். தொட்டவரை அதிரச் செய்து மயக்கத்தில் ஆழ்த்தும். அதற்கு இணையான மோதிரத்தை அணிந்தவரை மட்டும் ஒன்றும் செய்யாது. மந்திரக் கதையைக் கேட்டு வளர்ந்த வாசகரை, காரணம் கேட்கும் காலத்திற்கு மெல்ல அழைத்துவந்த உத்தி இது.

நூல் வெளிவந்த சூழலையும் கருத வேண்டும். லாலா ஸ்ரீநிவாசதாசின் 'பரீட்சா குரு' 1882ஆம் ஆண்டில் வந்திருந்தது. அறிவுரை மிகுந்த அத்தகைய நூல்களுக்கு வாசகர் குறைவு. வடமேற்கு மாகாணத்தின் நீதிமன்றங்களில் உருது எழுத்தே வழங்கியது. நாகரி எழுத்துக்கு இடம் கேட்டுக் கிளர்ச்சிகள் நடந்துகொண்டிருந்தன. நாகரி பிரசாரிணி சபை காசியில் 1893ஆம் ஆண்டில் தோன்றியது. 1900 ஏப்ரலில்தான் அம்மாகாணத்தின் ஆளுநர் மக்டானல் நீதிமன்றங்களில் நாகரியையும் அனுமதித்து ஆணையிட்டார். விண்ணப்பங்களும் வாதங்களும் நடந்த அதே ஆண்டுகளில், எவரையும் வற்புறுத்தாமல், அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் ஒன்றினாலேயே உருது படித்தோரை நாகரிப் பக்கம் ஈர்த்தது சந்திரகாந்தா.

இதற்கு அவருடைய நடை துணை செய்தது. சமஸ்கிருதச் சொற்களால் கனத்த இந்தியை அவர் எழுதவில்லை. பாரசீகம் மிகுந்த உருதையும் எழுதவில்லை. கடைவீதியிலும் வீட்டு முற்றத்திலும் வழங்கிய பொதுப்பேச்சை நாகரி எழுத்தில் வடித்தார். உருது வாசகர் எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மொழி அவருக்குப் பழகியதே. இரு பெயர்களுக்கிடையே பிளவு வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இருசாராரும் ஒரே கதையைப் படித்தனர்.

சந்திரகாந்தாவின் வெற்றியைத் தொடர்ந்து, வீரேந்திரனின் மைந்தர்களான இந்திரஜித் சிங், ஆனந்த் சிங் ஆகியோரின் கதையாகச் 'சந்திரகாந்தா சந்ததி' 1894ஆம் ஆண்டில் தொடங்கியது. 24 பகுதிகளாக வளர்ந்து, புதிய நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அது நிறைவுற்றது. இடையில் 1898ஆம் ஆண்டில் கத்ரி காசியில் லஹரி அச்சகத்தை நிறுவினார். எழுதுவதும் அச்சிடுவதும் விற்பதும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அரசரின் ஆதரவையும் குத்தகையின் ஏற்றத்தாழ்வையும் நம்பி வாழ்ந்தவர், இப்போது தம் வாசகரையே நம்பி வாழ்ந்தார். 1900ஆம் ஆண்டில் மாதவபிரசாத் மிஸ்ரரை ஆசிரியராகக் கொண்டு 'சுதர்சன்' என்னும் மாத இதழையும் தொடங்கினார். 'நரேந்திர மோகினி', 'குசும குமாரி', 'காஜர் கீ கோட்டரி' முதலியனவும் அவர் படைப்புகளே.

புகழோடு எதிர்ப்பும் வந்தது. இத்தகைய நிகழ்ச்சிகள் நடக்கக் கூடியவையா என்ற விவாதம் இதழ்களில் எழுந்தது. நடக்கவொண்ணாதவற்றை எழுதி மக்களின் அறிவை மயக்குகிறார் என்பது குற்றச்சாட்டு. கத்ரி அதற்குச் சந்ததியின் இறுதியிலேயே விடை கூறினார். ஒருகாலத்தில் நம்பமுடியாதிருந்தவை பின்னர் விஞ்ஞானத்தால் நடைமுறைக்கு வந்துள்ளன என்று எடுத்துக்காட்டினார். தம் நூல்களின் நோக்கம் வாசகரை மகிழ்விப்பதே என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் மறைந்தபின் வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. இராமசந்திர சுக்லர் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தி இலக்கிய வரலாற்றில், கத்ரியின் புதினங்கள் நிகழ்ச்சிகளின் விந்தையை மட்டுமே நாடுவன என்றும், பாத்திரப் படைப்போ உணர்ச்சியின் ஆழமோ அற்றவை ஆதலால் இலக்கிய வகையில் சேரா என்றும் கருதினார். ஆனால் வேறெந்த எழுத்தாளரும் இந்திக்கு இத்துணை வாசகரைத் தேடித் தந்ததில்லை என்பதையும் அவரே பதிவு செய்தார். சந்திரகாந்தாவைப் படித்த பலர் தாமும் எழுதத் தொடங்கினர் என்பதையும் சொன்னார். சுக்லரின் குறையைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கத்ரியின் அரசர்கள் நல்லவர்களாகவே தொடங்கி நல்லவர்களாகவே முடிகின்றனர். அவர்களுக்கு அகப்போராட்டம் இல்லை.

எனினும் அக்குறையைக் கத்ரியும் உணர்ந்திருந்தார் எனக் கருத இடம் உண்டு. சந்ததியில் வரும் பூதநாதன் என்னும் அய்யார் முற்றிலும் வேறான பாத்திரம். அவன் நல்லவனும் அல்லன், கொடியவனும் அல்லன். பழைய குற்றங்களின் சுமையோடு, அவை வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தோடு, நற்பெயருக்காக ஏங்குபவன். இளவரசர்களைவிட அவனே வாசகர் மனத்தில் தங்கினான். அவனுடைய வரலாற்றைத் தனிநூலாக எழுதக் கத்ரி 1907 அளவில் தொடங்கினார். காதலனையும் இளவரசியையும் விட்டு, கறைபடிந்த ஒரு மனிதனின் மனத்தை நோக்கி அவருடைய எழுத்து நகர்ந்தது. அதனை முடிக்க ஆயுள் இடம் தரவில்லை. ஆறு பகுதிகளே எழுதிய நிலையில், 1913 ஆகஸ்டு 1ஆம் நாள், தம் 52ஆம் வயதில் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதிகளை அவருடைய மகன் துர்காபிரசாத் கத்ரி எழுதி நிறைவு செய்தார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, 1994ஆம் ஆண்டில் நீர்ஜா குலேரியின் தயாரிப்பில் சந்திரகாந்தா தூர்தர்ஷனில் தொடராக வந்தது. மூலக்கதையிலிருந்து அது வெகுவாக விலகிச் சென்றபோதிலும், குரூர் சிங்கின் பெயரை வீடுதோறும் குழந்தைகள் அறிந்தனர். நூலைப் புதிதாகத் தேடிப் படித்தோரும் இருந்தனர்.

இலக்கியம் எது என்பதைத் திறனாய்வாளர் முடிவு செய்யலாம். ஆனால் அத்திறனாய்வைப் படிப்பதற்கும் ஒரு வாசகர் கூட்டம் முன்னரே இருந்தாக வேண்டும். கத்ரிக்குப் பின் வந்த பிரேம்சந்த் இந்தியில் புதினம் எழுத முற்பட்டபோது, விலைகொடுத்து நூல் வாங்கி இரவு விளக்கொளியில் தொடர்ந்து படிக்கும் பழக்கம் மக்களிடையே வேரூன்றியிருந்தது. அந்தப் பழக்கத்தை ஊன்றியவர்களுள் முதல்வர், குத்தகை இழந்து, கண்ட காடுகளையும் கோட்டைகளையும் கதையாக்கிய காசி வணிகர். தம் நூல்களுக்கு அவர் கோரிய இடம் சிறியது. அவை ஆற்றிய பணி பெரியது.