டீசல் என்ற மனிதர்

லாரி, பஸ், ரெயில் என்ஜின் என்று எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் டீசல் என்ற சொல் வந்துவிடும். எண்ணெய்க்கு வைத்த பெயர் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர்!

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி பாரீசில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தகப்பனார் தோல் சாமான்கள் செய்து பிழைத்தவர். 1870-ல் போர் மூண்டதும் ஜெர்மானியர்கள் பாரீசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயதுச் சிறுவன் மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பிழைக்க வந்த ஊர் திடீரென்று போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதை வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூனிச் தொழில்நுட்பக் கல்லூரியில் லிண்டே என்ற பேராசிரியரிடம் படித்தார். நீராவி என்ஜினில் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவது அபூர்வம் என்று அங்கே தெரிந்து கொண்டார். அந்த விரயம் அவர் மனதை அரித்தது.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும் அல்லவா? அதுதான் அவருடைய என்ஜினின் சூட்சுமம். சிலிண்டருக்குள் காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிக்கும். அந்த நேரம் பார்த்து எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக் கொள்ளும். தீப்பொறி தேவையில்லை.

சொல்வது எளிது. 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தபோது உள்ளே வெடித்து, அழுத்தம் அளக்கும் கருவி சிதறியது. டீசல் மயிரிழையில் தப்பினார். எண்ணெய் சரியாகத் தூவப்படாமல் கரும்புகை கக்கியதும் உண்டு. 1894 பிப்ரவரியில் என்ஜின் தானாக ஓடியது, ஒரே ஒரு நிமிடம்! 1897 பிப்ரவரி 17-ந்தேதி நடந்த பரிசோதனையில்தான் வெற்றி கிட்டியது. எண்ணெயின் வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறியது.

இந்த என்ஜினில் எண்ணெய் உள்ளே விழும் நேரம்தான் எல்லாம். மெக்கானிக்குகள் டைமிங் என்பார்கள். கொஞ்சம் முந்தினால் சிலிண்டரில் சூடு மிஞ்சி நைட்ரஜன் ஆக்சைடு என்ற கெட்ட வாயு பெருகும். பிந்தினால் அந்த வாயு குறையும். ஆனால் கரும்புகை கூடும், எண்ணெயும் அதிகம் செலவாகும். ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும்.

டீசலின் என்ஜினில் எண்ணெயைத் தள்ளியது அழுத்திய காற்று. அதற்குத் தனி கம்ப்ரெசர் வேண்டும். லாரிக்கு அது ஒத்து வராது. 1927-ல் பாஷ் நிறுவனம் எண்ணெய் பம்பைப் பெருமளவில் தயாரித்த பிறகே டீசல் லாரிகள் பெருகின. புகையும் பெருகியது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் அறிவித்தது. இப்போது கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து, முதலில் துளி எண்ணெயைத் தூவி, பிறகு மீதியைத் தூவுகிறது. திடீர்ச் சூடும் சத்தமும் குறைகின்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு வந்த பாரத் 6 விதிக்கு இதுவும் போதவில்லை. புகைக் குழாயில் வடிகட்டியும் வேண்டியிருந்தது.

டீசல் இதையெல்லாம் பார்க்கவில்லை. பெரிய முதலாளிகளின் நீராவி என்ஜினோடு சிறு தொழிலாளியும் போட்டி போட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். பணம் வந்தது, வழக்குகளும் வந்தன. உடல் கெட்டது. போட்ட முதலீடுகள் மூழ்கின.

1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி மாலை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். இரவு சாப்பிட்டார். காலையில் எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையாமல் கிடந்தது. சில நாட்கள் கழித்துக் கடலில் ஒரு சடலத்தை டச்சுப் படகுக்காரர்கள் கண்டார்கள். சட்டைப் பையிலிருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை தகப்பனாருடையவை என்று மகன் அடையாளம் காட்டினார்.