கிளைவ் சல்லிவன்: ரக்பி களத்தில் பிரிட்டனின் முதல் கறுப்பின அணித் தலைவர்

பிரிட்டனின் தேசிய விளையாட்டு அணி ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முறையாகத் தலைமையேற்றது 1972ஆம் ஆண்டில் என்று விளையாட்டு வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். அந்த விளையாட்டு கால்பந்தும் அல்ல, கிரிக்கெட்டும் அல்ல. இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களுக்கு வெளியே அதிகம் கவனிக்கப்படாத ரக்பி லீக். அந்தத் தலைவர் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் பிறந்த கிளைவ் சல்லிவன். அதே ஆண்டில் அவரது தலைமையில் பிரிட்டன் உலகக் கோப்பையையும் வென்றது.

கால்பந்தில் இங்கிலாந்தின் முதன்மை அணிக்குக் கறுப்பினத்தவரான விவ் ஆண்டர்சன் முதன்முதலாகத் தேர்வானது 1978இல். அந்த அணிக்குக் கறுப்பினத்தவரான பால் இன்ஸ் தலைமை தாங்கியது 1993இல். இவற்றோடு ஒப்பிடுகையில் சல்லிவனின் தலைமை காலத்தால் வெகுவாக முந்தியது. அப்படியிருந்தும் அவரது பெயர் பிரிட்டனிலேயே பலருக்குத் தெரியாமல் போனது ஏன் என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடை அவர் ஆடிய விளையாட்டின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாகப் பிரிந்த விளையாட்டு

1895ஆம் ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் கூடிய வட இங்கிலாந்தின் 20க்கும் மேற்பட்ட ரக்பி கழகங்கள், லண்டனிலிருந்த ரக்பி யூனியனிலிருந்து விலகின. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக வேலையை விடும்போது இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்பதே அவற்றின் கோரிக்கை. வசதி படைத்தோரின் பிடியில் இருந்த யூனியன் அதை ஏற்கவில்லை. பிரிந்து சென்றவர்கள் பின்னர் அணிக்கு 13 பேர் கொண்ட தனி விளையாட்டாக ரக்பி லீக்கை வளர்த்தனர். லீக் பக்கம் சென்ற யூனியன் ஆட்டக்காரர்களுக்கு யூனியனின் கதவுகள் மூடப்பட்டன. இந்நிலை 1995இல் யூனியனே ஊதியத்தை அனுமதிக்கும்வரை நீடித்தது.

வேல்ஸில் ரக்பி யூனியன் தேசிய விளையாட்டாகப் போற்றப்பட்டது. எனினும் 1980கள்வரை வேல்ஸின் யூனியன் அணியில் கறுப்பினத்தவர் எவரும் இடம்பெறவில்லை. கார்டிஃபின் துறைமுகப் பகுதிகளில் வளர்ந்த திறமையான கறுப்பின இளைஞர்கள் பலர், ஊதியமும் வாய்ப்பும் தேடி வடக்கே சென்றனர். 1953இல் விகன் கழகத்தில் சேர்ந்த பில்லி பாஸ்டன் அவர்களில் மிகவும் புகழ்பெற்றவர்.

மருத்துவர்களின் ஐயம்

சல்லிவன் 1943ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி கார்டிஃபின் ஸ்பிளாட் பகுதியில் பிறந்தார். சிறுவயதில் அவரது கால்களில் பல அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன. இயல்பாக நடப்பதே கடினம் என்று மருத்துவர்கள் கருதிய நிலையில், விளையாட்டு வீரராகும் எண்ணத்தைக் கைவிட்டு அவர் ராணுவத்தில் சேர்ந்தார். வேல்ஸ்காரர் என்றால் ரக்பி தெரிந்திருக்கும் என்ற எண்ணத்திலேயே ராணுவ ஆட்டமொன்றில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டதாகக் கூறப்படுகிறது. அங்கு வெளிப்பட்ட அவரது வேகம் கழகங்களின் கவனத்தை ஈர்த்தது.

1961ஆம் ஆண்டு டிசம்பரில் ஹல் எஃப்சி கழகம் பிராம்லி அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவரைச் சோதித்துப் பார்த்தது. யூனியனின் தடைக்கு அஞ்சி, இத்தகைய சோதனை ஆட்டங்களில் வீரர்களின் பெயரை மறைப்பது அன்றைய வழக்கம். சல்லிவனும் பெயர் வெளியிடப்படாமலேயே களமிறங்கி மூன்று டிரைகளை எடுத்தார். எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்துவதே டிரை எனப்படுகிறது. ஹல் கழகம் உடனடியாக அவரை ஒப்பந்தம் செய்தது.

அக்கழகத்தின் அன்றைய பயிற்சியாளர் ராய் ஃபிரான்சிஸும் வேல்ஸைச் சேர்ந்த கறுப்பினத்தவர். அவர் 1946இல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டன் அணியில் சேர்க்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் அன்று நிலவிய நிறவேற்றுமைக் கொள்கையே இதற்குக் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. ரக்பி லீக்கில் இனப் பாகுபாடே இல்லை என்று கூற முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஆயினும், இங்கிலாந்தின் பிற முக்கிய விளையாட்டுகள் கறுப்பினத்தவரைப் பயிற்சியாளராக நினைத்தும் பாராத காலத்தில் இங்கு அது நடைமுறையாகியிருந்தது.

1963இல் நேர்ந்த மோசமான கார் விபத்து சல்லிவனின் ஆட்ட வாழ்வை முடித்துவிடும் என்று அஞ்சப்பட்டது. அதிலிருந்தும் மீண்டு வந்த அவர், களத்தின் ஓரத்தில் விங் எனப்படும் இடத்தில் ஆடி 1967இல் பிரிட்டன் அணிக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக மூன்று டிரைகள் எடுத்தார்.

1972ஆம் ஆண்டு நவம்பர்

1972ஆம் ஆண்டு பிரிட்டனில் குடியேற்ற விவகாரம் கொதிநிலையில் இருந்தது. கறுப்பின, ஆசியக் குடியேற்றத்துக்கு எதிராக இனாக் பவல் நிகழ்த்திய உரை நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் அரசியலை அலைக்கழித்தது. உகாண்டாவிலிருந்து ஆசியர்கள் வெளியேறுவதற்கு இடி அமீன் விதித்த கெடு நவம்பர் 8ஆம் தேதி முடிவடைந்தது. பல்லாயிரக்கணக்கானோர் பிரிட்டனில் தஞ்சமடைய, அவர்களை ஏற்பதற்கு எதிராக லண்டனில் ஊர்வலங்களும் நடந்தன.

அந்தக் கெடு முடிந்த மூன்றாம் நாள், நவம்பர் 11ஆம் தேதி, பிரான்ஸின் லியோன் நகரில் கறுப்பினத் தலைவர் ஒருவரின் கீழ் பிரிட்டன் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. சல்லிவன் பந்தைக் கைப்பற்றி ஏறக்குறைய 80 யார் தொலைவு தனியாக ஓடி டிரை எடுத்தார். பின்னர் மைக் ஸ்டீவன்சன் எடுத்த டிரையும் டெரி கிளாசனின் உதையும் ஆட்டத்தைச் சமன் செய்தன. கூடுதல் நேரத்துக்குப் பின்னரும் 10-10 என்றே நின்றதால், முதற்சுற்று முடிவுகளின் அடிப்படையில் கோப்பை பிரிட்டனுக்கு வழங்கப்பட்டது.

அரங்கில் இருந்த பார்வையாளர்கள் 4,231 பேர் மட்டுமே. சல்லிவனின் நிறம் அன்று பெரும் விவாதத்துக்கு உள்ளாகவில்லை. அது ஒருவகையில் அவரது விளையாட்டின் பெருமை. ஆனால் லண்டனின் அரசியலும் ஊடகங்களும் அந்த விளையாட்டையே பொருட்படுத்தவில்லை என்பதும் அந்த அமைதிக்கு ஒரு காரணம். விளிம்பில் இருந்த விளையாட்டு விளிம்பில் இருந்தவருக்கு இடமளித்தது. அவர் பெற்ற வெற்றியும் அந்த விளிம்பைத் தாண்டிப் பரவவில்லை. அதன் பின்னர் 2022இல் நடந்த போட்டிவரை பிரிட்டனோ இங்கிலாந்தோ ஆடவர் உலகக் கோப்பையை வெல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிளவுபட்ட நகரின் பொதுச் சொத்து

ஹல் நகரில் மேற்குப் பகுதி ஹல் எஃப்சியையும், கிழக்குப் பகுதி ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸையும் பரம்பரையாக ஆதரிக்கின்றன. ஒரு கழகத்தின் நாயகன் மறுபக்கம் செல்வது எளிதில் மன்னிக்கப்படுவதில்லை. ஹல் எஃப்சிக்காக 352 ஆட்டங்களில் 250 டிரைகள் எடுத்த சல்லிவன் 1974இல் ரோவர்ஸுக்குச் சென்றார். அங்கு 213 ஆட்டங்களில் 118 டிரைகள் எடுத்தார். இரு தரப்பும் அவரைத் தம்மவராகவே கருதின. 1980இல் வெம்ப்ளி அரங்கில் ஹல் எஃப்சியை வென்று சேலஞ்ச் கோப்பையைக் கைப்பற்றிய ரோவர்ஸ் அணியில் அவர் இருந்தார். பின்னர் பழைய கழகத்துக்குத் திரும்பியிருந்த அவர், 1982இல் விட்னஸுக்கு எதிரான மறு இறுதியாட்டத்தில் 39ஆவது வயதில் களமிறங்கி அதே கோப்பையை மீண்டும் வென்றார்.

மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1985ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, புற்றுநோயால் சல்லிவன் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. ஹம்பர் பாலத்தின் பக்கத்திலிருந்து ஹல் நகருக்குள் நுழையும் பிரதான சாலைக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

அவரை வடக்கே அனுப்பிய கார்டிஃப் நகரம் அவரை நினைவுகூர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2023ஆம் ஆண்டு ஜூலையில் அங்கு சல்லிவன், பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன் ஆகிய மூவருக்கும் சிலை திறக்கப்பட்டது. 2025இல் பாஸ்டனுக்கு நைட் பட்டம் வழங்கப்பட்டது. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவர் அப்பட்டத்தைப் பெறுவது அதுவே முதன்முறை. ஹடர்ஸ்ஃபீல்ட் கூட்டம் நடந்து அப்போது 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.