ஆவடி டேங்க் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த அமைச்சர்: யார் இந்த வி.கே.கிருஷ்ண மேனன்?

சேக்காடு, பட்டாபிராம், ஆவடி பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘எச்விஎஃப்’ என்ற மூன்றெழுத்தை விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்திருப்பார்கள். ராணுவ டேங்குகளைத் தயாரிக்கும் அந்தக் கனரக வாகனத் தொழிற்சாலை உருவானபோது நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் வி.கே.கிருஷ்ண மேனன், மெரினா எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியின் பழைய மாணவர். அந்தக் கல்லூரியின் புகழ்பெற்ற மாணவர்கள் என்றால் சர் சி.வி.ராமன், சந்திரசேகர் பெயர்கள்தான் சட்டென்று வரும். மேனன் பெயர் வந்தால், கூடவே 1962 சீனப் போர்த் தோல்வியும் வந்துவிடும். அவர் வாழ்க்கை அந்த ஒரு வருடம் மட்டும்தானா?

சென்னையில் இருந்து லண்டன்

1896 மே 3-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் பிறந்தார் மேனன். அப்பா வழக்கறிஞர். கோழிக்கோட்டில் படித்துவிட்டு சென்னைக்கு வந்தவர், மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிறகு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த நாட்களில்தான் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. பையனின் திறமையைக் கவனித்த பெசன்ட்தான் 1924-ல் அவர் இங்கிலாந்து போக உதவினார்.

கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்புவதாகக் கிளம்பியவர், கால் நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே தங்கிவிட்டார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். 1929 முதல் இந்தியா லீக் அமைப்பின் செயலாளராக, இந்திய விடுதலைக்காக பிரிட்டிஷ் மக்களிடமே ஆதரவு திரட்டினார். கையில் காசு கிடையாது. டீயும் பன்னும்தான் பல நாள் சாப்பாடு.

இடையில் இன்னொரு வேலையும் செய்தார். பென்குயின் நிறுவனர் ஆலன் லேனுடன் சேர்ந்து, 1937-ல் வெளிவரத் தொடங்கிய ‘பெலிகன்’ நூல் வரிசையின் தொடக்க கால ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். அறிவியல், வரலாறு, பொருளாதாரம் எல்லாம் சாதாரண ஆட்கள் வாங்கும் விலையில் கிடைக்கச் செய்த வரிசை அது. லண்டனின் செயின்ட் பான்கிராஸ் பகுதியில் 1934-ல் கவுன்சிலராகி, அங்கே நூலகங்களை வளர்த்தார்.

ஜீப் விவகாரம்

1947-ல் நாடு விடுதலை பெற்றதும் பிரிட்டனுக்கான இந்தியத் தூதர் பொறுப்பை நேரு அவருக்குக் கொடுத்தார். முதல் பெரிய சறுக்கலும் அங்கேதான். 1948-ல் காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் தேவை. வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, அதிகம் அறியப்படாத ஒரு நிறுவனத்துடன் மேனன் ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தது 155 ஜீப்கள். அவையும் உருப்படியாக இல்லை என்று புகார் கிளம்பியது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாராக அது இன்றும் பேசப்படுகிறது. 1955-ல் அரசு அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. 1956-ல் மேனன் மத்திய அமைச்சரானார். எதிர்க்கட்சிகளுக்கு மட்டுமல்ல, காங்கிரஸுக்குள்ளேயே பலருக்கும் அது பிடிக்கவில்லை.

1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் காஷ்மீர் பற்றி இரண்டு நாட்களில் கிட்டத்தட்ட 8 மணி நேரம் பேசினார். நடுவில் மயங்கிச் சரிந்து, சிகிச்சைக்குப் பிறகு திரும்பிவந்து பேச்சை முடித்தார். அந்தப் பேச்சு அவரை இந்தியாவில் ஹீரோ ஆக்கியது. அதே ஆண்டு வடக்கு பம்பாயில் ஜெயித்து, பாதுகாப்பு அமைச்சரானார்.

ஆவடிக்கு ஏன் டேங்க்?

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு வந்த தொழில் கொள்கை, ஆயுதத் தயாரிப்பை அரசின் கையிலேயே வைத்தது. மேனனின் எண்ணமும் அதுதான்: ஆயுதத்துக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாடு, வெளிநாட்டின் பேச்சையும் கேட்டாக வேண்டியிருக்கும்.

அவர் காலத்தில் 1958-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ தொடங்கப்பட்டது. 1961-ல் பெங்களூருவில் உருவான ‘மாருத்’ போர் விமானம் பறந்தது. அதே ஆண்டில் முதல் சைனிக் பள்ளிகள் வந்தன. உடுமலைப்பேட்டை பக்கம் இருக்கும் அமராவதிநகர் பள்ளி அடுத்த ஆண்டு வந்தது. 1961-ல்தான் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் டேங்க் ஒப்பந்தமும் கையெழுத்தானது. வடிவமைப்பு அவர்களுடையது, தயாரிப்பு ஆவடியில். இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே ராணுவக் கிடங்குகள் இருந்த ஊர் ஆவடி.

1962-ல் என்ன நடந்தது?

தொழிற்சாலை எழும்புவதற்குள் போர் வந்துவிட்டது. 1962 அக்டோபர் 20-ல் சீனா தாக்கியது. இமயமலைக் குளிரில் நின்ற வீரர்களிடம் சரியான குளிர் உடையும் இல்லை, போதுமான நவீன ஆயுதமும் இல்லை.

மேனன் மீதான குற்றச்சாட்டுகள் கனமானவை. பாகிஸ்தானையே பெரிய ஆபத்தாகப் பார்த்து, சீனாவைக் குறைத்து எடைபோட்டார். பதவி உயர்வுகளில் தலையிட்டு ராணுவத் தலைமையோடு மோதினார். 1959-ல் தளபதி திம்மையா ராஜினாமா கடிதமே கொடுத்தார், நேரு பேசித்தான் அதைத் திரும்பப் பெறவைத்தார். கேட்ட அந்நியச் செலாவணியை நிதியமைச்சகம் தரவில்லை என்பது மேனன் தரப்பு வாதம். அதில் உண்மை இருந்தாலும், துறையின் பொறுப்பு அவருடையதுதான். முதலில் பாதுகாப்புத் துறையை இழந்தார். நவம்பரில் அமைச்சரவையில் இருந்தே வெளியேறினார்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. சொந்தமாகச் செய்துகொள்வோம் என்பது பத்து, இருபது வருடத்தில் பலன் தரும் முடிவு. அதுவரை எல்லையில் நிற்பவரிடம் என்ன இருக்கும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அதற்கான விலையை மலைமுகட்டில் இருந்த வீரர்கள் கொடுத்தார்கள்.

அதன் பிறகு

1965-ல் ஆவடியில் தயாரான முதல் டேங்க் வெளியே வந்தது. பெயர் ‘விஜயந்தா’. மேனன் பதவி இழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் தயாராயின. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று வரிசை நீண்டது. 2021 அக்டோபர் முதல் ஆலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏவிஎன்எல் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

மேனன் காங்கிரஸை விட்டு விலகி, 1967-ல் வடகிழக்கு பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1969-ல் மேற்கு வங்கத்தின் மிதினாப்பூரிலும், 1971-ல் திருவனந்தபுரத்திலும் ஜெயித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1974 அக்டோபர் 6-ல் டெல்லியில் இறந்தார்.

மேனனை 1962-க்காக விமர்சிப்பதில் தவறில்லை. அந்தக் கணக்கை முடிக்கும்போது ஆவடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவர் எடுத்த முடிவில் கிடைத்த சம்பளத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.