கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில், ஜீயபுரம் என்னும் சிற்றூர் உளது. ஆற்றிற்குச் சென்ற பேரனைக் காணாது ஏங்கிய கிழவியொருத்தியின் முன் அரங்கனே பேரனுருக் கொண்டு வர, அவள் அன்போடு சோறிட்டாள் என்பது அவ்வூர்க் கதை. அதன் நினைவாகப் பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் ஆங்கு எழுந்தருள்கின்றார். வந்தவர் யாரென அறியாமலே சோறிட்டாள் அக்கிழவி. தம்மையே மறந்துபோன கணவரை இருபதாண்டு பேணினார் வங்க நாட்டு மாதரசி ஒருவர். அக்கணவரே கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம்.

நஸ்ருல் 1899-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், அந்நாளைய பர்த்துவான் ஜில்லாவிலுள்ள சுருலியா கிராமத்தில் பிறந்தனர். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தனர். ரொட்டிக் கடையில் வேலை பார்த்தும் வறுமையோடு போராடியும் கல்வி பயின்று, 1917-இல் பட்டாளத்திற் சேர்ந்து கராச்சியில் இருந்தனர். 1922-இல் வெளிவந்த 'பித்ரோஹி' என்னும் பாட்டு அவர் பெயரை வங்கமெங்கும் பரப்பிற்று. அவ்வாண்டே 'தூமகேது' என்னும் இதழைத் தொடங்கி, அதில் எழுதியமைக்காகச் சிறை புகுந்தனர். சிறையிலும் அடங்காது நெடுநாள் உண்ணாநோன்பு காத்தனர். 1924-இல் பிரமீளா தேவியாரை மணந்தனர். அல்லாவையும் காளியையும் ஒத்த அன்போடு பாடிய அவருடைய இசைப்பாடல்கள் ஆயிரக்கணக்கின.

இத்தகைய நாவலரின் நா, 1942-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தடுமாறத் தொடங்கிற்று. அப்பொழுது அவர்க்கு வயது நாற்பத்துமூன்றே. சின்னாளில் பேச்சும் நினைவும் ஒருங்கே அகன்றன. கல்கத்தாவிலே பல வைத்தியங்கள் செய்தும் பயனில்லை. பத்தாண்டு கழிந்த பின்னர், 1952-இல் அன்பர் சிலர் சங்கம் அமைத்துப் பொருள் திரட்டினர். ராஞ்சி மருத்துவமனைக்கும், 1953-இல் லண்டனுக்கும், பின் வியன்னாவுக்கும் அவரை அழைத்துச் சென்றனர். வியன்னாவில் ஹான்ஸ் ஹாஃப் என்னும் மருத்துவர், இது பிக் நோய் என்றும், தீர்க்க வழியில்லை என்றும் முடிவு கூறினர்.

பிராக் நகரத்து ஆர்னால்டு பிக் 1892-இல் விவரித்த இந்நோயில் மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பகுதியும் சுருங்கும். பேச்சும் நடத்தையும் முதலிற் கெடும். பெரும்பாலும் நினைவை முதலிற் கவர்வது அல்சைமர் நோய். ஜெர்மன் மருத்துவர் அல்சைமர் 1901-இல் பிராங்க்பர்ட் நகரிற் கண்ட நோயாளியும் ஐம்பத்தோரு வயது மாதே. ஆதலின் மறதி நோய் முதியோர்க்கே உரியதென்று எண்ணுதல் தவறு. நடுவயதினர் ஒருவர் சொல் மறந்து, கணக்குத் தவறி, குணம் மாறி நிற்கும்போது, சோம்பல் என்றும் குடி என்றும் பைத்தியம் என்றும் ஊரார் பழிப்பது வழக்கம். அங்ஙனம் பழித்துக் கழிக்கும் காலமே பெருநட்டம்.

தைராய்டுக் குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் மறதியை விளைக்கும். இவை மருந்திற்கு இணங்குவன. எனவே முதற்குறி கண்டவுடன் மருத்துவரை நாடுதல் வேண்டும். அல்சைமர் நோயாயின், அறிகுறிகளைச் சிலகாலம் தாங்கும் மருந்துகள் உள; தொடக்க நிலையிலே நோயின் வேகத்தைச் சிறிது குறைக்கும் புதியனவும் அண்மையில் வந்துள்ளன. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் அடக்கி வைத்தலும், நாள்தோறும் நடத்தலும், செவிக்குறையைத் திருத்தலும், பலரோடு கூடி வாழ்தலும் நலம் பயப்பன. பிக் நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுமில்லை. நஸ்ருலை முன்னரே அழைத்துச் சென்றிருப்பினும் அன்றைய மருத்துவம் அவரை மீட்டிராது. ஆயினும் எதனோடு போராடுகின்றோம் என்பதையேனும் அக்குடும்பம் பத்தாண்டு முன்னரே அறிந்திருக்கும்.

மருந்து கைவிட்ட இடத்தில் அன்பு கைவிடவில்லை. கணவர் நோயுறுமுன்பே இடுப்பின்கீழ்ச் செயலற்றுப் படுக்கையிற் கிடந்த பிரமீளா தேவியார், 1962-இல் தாம் இறக்கும்வரை அவரைப் பேணினார். 1972-இல் வங்கதேசம் நஸ்ருலை டாக்காவிற்கு வரவேற்று, 1976-இல் குடியுரிமையும் அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் கவிஞர் மறைந்தனர். டாக்காப் பல்கலைக்கழகத்து மசூதியின் அருகே அவருடல் அடங்கியுள்ளது.

முப்பத்துநான்காண்டு மௌனம்! அவர் மறந்த பாடல்களை இரு வங்கங்களும் மறக்கவில்லை. மாணவ நண்பர்காள்! நும் இல்லத்தில் ஒருவர் தம்மை மறக்க நேரின், அவர் யாரென்பதை நீவிர் மறவாதிருப்பீராக.