பெயரை விற்றும் திறனை இழக்காதவர்

ஒரு பொருளின் மீது பொறிக்கப்பட்ட பெயரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அப்பெயருக்குரிய மனிதரை எண்ணிப் பார்ப்பதில்லை. செவ்ரோலே என்னும் மோட்டார் காரின் பெயரும் அத்தகையதே. அப்பெயருக்குரிய லூயி செவ்ரோலேயின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

லூயி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்தார். தந்தையார் கடிகாரத் தொழிலாளி. பின்னர் அக்குடும்பம் பிரான்சு நாட்டில் குடியேறியது. அங்கே லூயி இளமையிலேயே சைக்கிள் பழுதுபார்க்கவும் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டவும் கற்றார். 1900ஆம் ஆண்டு கடல் கடந்து கனடா சென்றார். அங்கிருந்து நியூயார்க் சேர்ந்தார். 1905இல் அந்நகரின் குதிரைப் பந்தயத் திடலொன்றில் காரோட்டி, ஒரு மைல் தொலைவை 52.8 வினாடிகளில் கடந்து புகழ்பெற்றார்.

1911இல் வில்லியம் டூரன்ட் என்னும் செல்வருடன் சேர்ந்து செவ்ரோலே நிறுவனத்தைத் தொடங்கினார். டூரன்ட் மலிவான கார்களை விரும்பினார். லூயியோ உயர்ந்த தரமுள்ள பெரிய கார்களையே விரும்பினார். கருத்து வேற்றுமை முற்றவே, லூயி 1913இல் விலகினார். பின்னர்த் தம் பங்குகளையும் விற்றுவிட்டார். அவருடைய பெயர் நிறுவனத்திற்கே உரியதாயிற்று. நிறுவனம் செழித்தது, அச்செல்வத்தில் அவருக்குப் பங்கில்லை.

ஆயினும் அவர் சோர்ந்து விடவில்லை. தம்பியர் ஆர்தர், காஸ்டன் ஆகியோருடன் பந்தயக் கார்களைச் செய்யலானார். லூயி அமைத்த காரை ஓட்டி, 1920ஆம் ஆண்டு மே மாதம் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் காஸ்டன் வெற்றி பெற்றார். அதே ஆண்டு நவம்பர் மாதம் வேறொரு பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் அவர் உயிர் நீத்தார். தம்பியை இழந்த லூயி பந்தயம் ஓட்டுவதைக் கைவிட்டார், கருவிகளைக் கைவிடவில்லை.

அந்நாளில் அமெரிக்க எளிய மக்களின் வண்டி ஃபோர்டு டி கார். அதன் இயந்திரம் நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய 20 குதிரை வலுவும் கொண்டது. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருந்தமையால், பெட்ரோல் கலந்த காற்று வளைந்து சென்றே உள்ளே புகவேண்டும். செவ்ரோலே சகோதரர்களின் ஃப்ரான்டனாக் நிறுவனம், வால்வுகளை மேற்புறத்தில் அமைத்த புதிய சிலிண்டர் மூடியைச் செய்து விற்றது. காற்று தடையின்றிப் புகுந்தது, வலுவும் பெருகியது. பழைய ஃபோர்டு காரை வாங்கி, மேற்கூட்டைக் கழற்றி, இம்மூடியைப் பொருத்திய இளைஞர்கள், ஊர்ப் பொருட்காட்சித் திடல்களின் மண் தடங்களில் புழுதி பறக்கப் பந்தயம் ஓட்டினர். அத்தகைய கார் ஒன்று 1923இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்திலேயே ஐந்தாவதாக வந்தது. பெரும்பொருள் செலவிட்டுச் செய்த பல கார்கள் அதற்குப் பின்னால் வந்தன!

லூயி 1941ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் காலமானார். இண்டியானாபொலிஸ் நகரிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அன்பு மாணவர்களே! செல்வம் கைமாறும், பெயரும் கைமாறும். கைத்திறனோ கற்றவரை விட்டு நீங்காது. அத்திறனை எளியவர்க்கும் பயன்படச் செய்தமையே லூயியின் பெருமை. நாமும் ஒரு தொழிலையேனும் செம்மையாகக் கற்போம். கற்றதைப் பிறர்க்கும் பயன்படச் செய்வோம்.