ஸ்ரீமந் நாதமுனிகள் காத்தளித்த செல்வம்

வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலில் அவதரித்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். மேல்நாட்டிலிருந்து வந்த சில வைஷ்ணவர்கள், மன்னனார் ஸந்நிதியில் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான பதிகத்தை அநுஸந்திக்கக் கேட்டு உருகினார். ஆயிரத்துள் இவை பத்து என்பது அப்பதிகத்திலேயே கண்டது. மற்றவை வந்தவர்களுக்குத் தெரியாது. திருக்குருகூர் சென்றார். அங்கும் அறிந்தார் இல்லை. பராங்குச தாஸர் காட்டிய வழியே கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 உரு ஜபித்து, நம்மாழ்வாரிடமே நாலாயிரமும் பெற்றார் என்பது குருபரம்பரை.

பெற்றதைத் தம்மளவில் வைத்துக்கொண்டாரல்லர். வகுத்து, இசைகூட்டி, மருமான்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரையும் பாடப் பயிற்றுவித்தார். உலகோர் துயருற்றிருக்கத் தமக்கு மட்டும் யோகசுகம் வேண்டா என்ற உய்யக்கொண்டாருக்கும் பிரபந்தத்தையே உபதேசித்தார். என்ன பெருந்தன்மை! திருவீதிகளில் கோஷ்டியார் இன்றும் ஸேவிப்பது அந்தப் பாசுரங்களையே.

யோகரகசியத்தின் கதை வேறு. அதனைப் பெற்றவர் குருகைக் காவலப்பன் ஒருவரே. நாதமுனிகளின் பேரரான ஆளவந்தார் அதனைக் கற்க விரும்பி வந்தபோது, தாம் பரமபதிக்கும் நாளை ஓலையில் குறித்துக் கொடுத்து, அதற்குள் வருமாறு பணித்தார் காவலப்பன். ஆளவந்தாரோ அனந்தபுரத்துப் பெருமாளை ஸேவிக்க எழுந்தருளிவிட்டார். அங்கே ஓலையை எடுத்துப் பார்த்தால், குறித்த நாள் அன்றே! ஒரே நாளில் சேரும் தூரமன்று. காவலப்பனோடு அவ்வித்தையும் மறைந்தது.